பக்கத்துக் கட்டில்

இந்தக் கையா? இது என் தம்பி உடைச்சதும்மா. ஆமா, கூடப் பொறந்த தம்பிதான். அப்படிப் பாக்காத. என்னை அடிக்கணும்னு அவன் அடிக்கல. வேற ஆளுக்கு ஓங்கின கம்பி, நடுவுல நான் போய் விழுந்துட்டேன். மணிக்கட்டுக்கு மேல ரெண்டு எலும்பும் போச்சு. வலி அப்புறம்தான் வந்துச்சு, சத்தம்தான் முதல்ல. காய்ஞ்ச குச்சியை முழங்கால்ல வெச்சு ஒடிப்போமே, அதே சத்தம்.

உக்காரும்மா, எவ்ளோ நேரம் நிப்பே? வார்டைக் கழுவி முடிக்கவே அரைமணி ஆகும். அப்புறம் பெரிய டாக்டர் ஒரு சுத்து வருவாரு. அவர் போனாத்தான் வாட்ச்மேன் கதவைத் திறப்பான். இப்பக் கிட்ட போனா வள்ளுன்னு விழுவான். எனக்கு இன்னிக்கு அம்பத்தி ரெண்டாவது நாள். எந்தக் குழாய்ல தண்ணி வரும், எந்த நர்ஸ் சிரிக்கும், எது கடிக்கும், எல்லாம் அத்துப்படி. காலைல கொண்டு வந்தீங்களே, அது உன் மாமியாரா? படியில விழுந்துட்டாங்களா? பயப்படாத. என்ன கத்து கத்தினாங்க! இந்த வார்டுல கத்துறவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. சத்தமே போடாம கிடக்கிறாங்க பாரு, அவங்களுக்குத்தான் பயப்படணும். எங்க வீட்டுக்காரர் மாதிரி.

உங்க கட்டிலுக்கு நேர் எதிர்ல, சன்னலோரம், பத்தாம் நம்பர். தலை பூரா கட்டுப் போட்டு ஒருத்தர் கிடக்கிறாரே, அவர்தான்.

விபத்தில்லம்மா. அடிச்சுட்டாங்க. கடப்பாரையால.

மரம் அறுக்கிற மில்லுல வேலை அவருக்கு. இருபத்திரெண்டு வருஷம். பெரிய வட்ட ரம்பம் இருக்கும், ஆள் உயரத்துக்கு. அதுல இன்னொரு ஆளும் இவரும் மாத்தி மாத்தி நிப்பாங்க. அவனை எல்லாரும் நெட்டைன்னுதான் கூப்பிடுவாங்க. வாசப்படியில குனிஞ்சுதான் வருவான், அவ்ளோ உயரம். எங்க வீட்டுக்கு வராத நாள் இல்ல. என் கையால எத்தனை தடவை சாப்பிட்டிருக்கான்! அண்ணி, அண்ணின்னு கூப்பிடுவான். குடி ஒண்ணுதான் கெட்ட பழக்கம். முதல்ல சாயங்காலம் மட்டும் குடிச்சவன், பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்புறம் மத்தியானமும் ஆரம்பிச்சுட்டான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வந்திருக்கான், நல்லா ஏத்திக்கிட்டு. ரம்பத்துக்குக் கீழ தூளு அடைச்சுக்கிச்சுன்னு ஒரு பெரியவர் கையை விட்டு எடுத்துக்கிட்டிருந்தாரு. கண்ணாடிக்காரர்னு சொல்வாங்க அவரை, மூணு பொண்ணுங்களுக்கு அப்பா. இவன் பாக்கவே இல்ல, சுவிட்சைத் தட்டிட்டான். நாலு விரல். கட்டைவிரல் மட்டும் மிச்சம். எங்க வீட்டுக்காரர் ஓடிப்போய் நிறுத்தி, மரத்தூளுக்குள்ள உக்காந்து அந்த விரலுங்களைத் தேடியிருக்காரு. மூணுதான் கிடைச்சுது. கைக்குட்டையில சுத்தி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனாரு. ஒண்ணும் ஒட்டல. வீட்டுக்கு வந்தப்ப அவர் சட்டைல, முடியில, புருவத்துல எல்லாம் ரத்தமும் தூளுமா அப்பிக் கிடந்துச்சு. குளிக்காம அப்படியே உக்காந்திருந்தாரு.

மில்லுல விசாரணை வெச்சாங்க. அதுக்கு முந்தினநாள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. மெஷின் ஓடும்போது கண்ணாடிக்காரர் தானே கையை விட்டாருன்னு சொல்லிடறதுன்னு. நெட்டைக்கு வேலை போயிடக் கூடாதாம். நானும் சொன்னேன்மா, ஒளிக்கிறதுக்கு என்ன? சோறு போட்டுக்கிட்டே சொன்னேன். நீங்க பொய்கூட சொல்ல வேணாம், நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன், பாக்கலன்னு சொல்லிடுங்கன்னேன். அவர் சாப்பிடறதை நிறுத்திட்டு, பாத்தேனேன்னாரு. அவ்ளோதான்.

அவர் அப்படித்தான். நாங்க ஆண்டவர் பிள்ளைங்க. சைக்கிள் கடை மாடியில ஒரு ஹால் எடுத்து ஞாயித்துக்கிழமை ஜெபம் நடக்கும், அந்தச் சபைதான். அங்க பாட்டு பாடற நிறைய பேரு வெளியில வந்தா வேற மாதிரி. நானே வேற மாதிரிதான். ரெடிமேட் சட்டை கம்பெனியில காலர் தைக்கிறேன். சூப்பர்வைசர்கிட்ட ஒரு நாளைக்கு நாலு பொய்யாவது சொல்லாம வேலை நடக்காது. இவருக்கு அது வராது. பாத்தா பாத்தேன், பாக்கலன்னா பாக்கல.

போய்ச் சொல்லிட்டாரு. குடிச்சிருந்தான், அவன்தான் சுவிட்சைப் போட்டான்னு. நெட்டையை அன்னிக்கே வெளிய அனுப்பிட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு, நல்ல மத்தியானம். வெளிய போக மில்லு கேட்டைத் தாண்டி ரெண்டு அடி வெச்சிருக்காரு. மரம் புரட்டுற கடப்பாரையோட நின்னுக்கிட்டிருந்திருக்கான். முதல் அடி முட்டியில. இவர் விழுந்துட்டாரு. அப்புறம் தோள்ல. அப்புறம் தலையில. ஒவ்வொரு அடிக்கும், உண்மை பேசுவியா, பேசு, இப்பப் பேசு, பேசுன்னு கேட்டுக்கிட்டே அடிச்சானாம். இவர் எப்படிம்மா பேசுவாரு? பல்லெல்லாம் மண்ணுல கிடக்கு. உள்ள முப்பது பேரு நிக்கிறாங்க. ஒருத்தன் வரல. கடைசில ஓடி வந்தது யாரு தெரியுமா? கண்ணாடிக்காரர்தான். சம்பள பாக்கி வாங்க வந்திருந்தவரு, கட்டுப் போட்ட கையோட வந்து பின்னாலேருந்து நெட்டையோட இடுப்பைக் கட்டிக்கிட்டாரு. அவரோட கட்டு பிச்சுக்கிட்டு ரத்தம் கொட்டுதாம், விடலையாம். அவர்தான் எல்லாத்தையும் எனக்குச் சொன்னாரு. சொல்லச் சொல்ல வாந்தி எடுத்தாரு பாவம்.

அன்னிலேருந்து இப்படியேதான் கிடக்கிறாரு. கண்ணு சிலநேரம் திறக்கும், ஆனா பாக்காது. டாக்டரைக் கேட்டா, நாளைக்கே முழிக்கலாம், ஒரு வருஷம் ஆகலாம், முழிக்காமலே போகலாம்னு சொல்றாரு. இதுல எதை நம்பி நான் அவரைக் கூட்டிட்டுப் போற அன்னிக்குக் கட்ட சேலை மடிச்சு வெக்கிறது, எதை நம்பி அழறது, சொல்லு.

சபையில எல்லாரும் வந்து ஜெபம் பண்ணாங்க. ஒரு அக்காவுக்கு அப்பப்பத் தரிசனம் வரும். அவங்க என் தலையில கையை வெச்சு, நாப்பதாம் நாள் உன் புருஷன் எந்திரிப்பாருன்னாங்க. நான் நம்பிட்டேன். காலண்டர்ல கோடு போட்டேன். நாப்பதாம் நாள் காலைல தலைக்குக் குளிச்சு, நல்ல சேலை கட்டி, அவருக்குச் சவரம் பண்ணிவிட்டு, பக்கத்துலயே உக்காந்தேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு தடவை கொட்டாவி விட்டாரு. அதோட சரி.

எங்க பாஸ்டர் என்னைவிடப் பத்து வயசு சின்னவரு. அவர்கிட்டப் போய்க் கத்தினேன். எப்ப எந்திரிப்பாரு, நீங்க சொல்லுங்கன்னு. எனக்குத் தெரியாதுங்க அக்கான்னாரு. தெரியாமலேதான் இன்னிக்குப் பொழுதை ஆண்டவருக்குன்னு வாழணும், அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலன்னாரு. அன்னிக்கு எனக்கு அவரை அறையணும்போல இருந்துச்சு.

அதுக்கு மறுநாள்தான் நெட்டை வந்தான்.

ஜாமீன்ல விட்டுட்டாங்கம்மா. தெருவுல நின்னுக்கிட்டு, கேஸை வாபஸ் வாங்குடி, இல்லன்னா ஆஸ்பத்திரிக்கே வந்து மிச்சத்தை முடிச்சிருவேன்னு கத்தினான். அண்ணின்னு கூப்பிட்ட வாய். நான் கதவைச் சாத்திட்டேன். சன்னல்ல கல்லு வந்து விழுந்துச்சு. கண்ணாடி பூரா நான் அரிஞ்சு வெச்ச காய் மேல. இன்னொரு கல்லு என் காதோரமா போய்ச் சுவத்துல பட்டுச்சு. பக்கத்து வீடுங்க எல்லாம் பட்டு பட்டுன்னு சன்னலைச் சாத்துறது கேக்குது. மில்லுல நின்ன முப்பது பேரு மாதிரிதான் இவங்களும்னு நெனைச்சேன்.

அவன் போனப்புறம் என் தம்பி வந்தான். லாரி ஓட்டுறான். முன்கோபி. நான் கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக்கிட்டிருந்தேன், விரல்ல ரத்தம். அவன் என் கையைப் புடிச்சு, அக்கா என்ன பண்ணணும் சொல்லுன்னு கேட்டான். வேற எதையாவது சொல்லியிருக்கலாம். போலீசுக்குப் போன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்க மாமா எப்படிக் கிடக்கிறாரோ அப்படி அவன் கிடக்கணும்னேன். அவ்ளோதான் சொன்னேன். தம்பி தண்ணி குடிச்சுட்டுப் போயிட்டான்.

மறுநாள் பதினோரு மணிக்கு மருந்து வாங்கக் கடைத்தெருவுல பஸ்ஸை விட்டு இறங்குறேன், ஒரே கூட்டம். பழக்கடை முன்னாடி பெட்டியெல்லாம் சரிஞ்சு கிடக்கு. எனக்கு பாக்காமலேயே தெரிஞ்சுபோச்சு. முண்டியடிச்சு உள்ள போறேன், நெட்டை கீழ கிடக்கான், மிதிபட்ட பழத்து மேல. தம்பி ஜாக்கிக் கம்பியால அடிக்கிறான். நெட்டை கையைத் தூக்கித் தடுத்தான், கை மடங்கிப்போச்சு. புரண்டு குப்புற விழுந்தான். அடுத்த அடி பிடரியில. அதோட அவன் உடம்பு அசையறது நின்னுபோச்சு. ஆனா கண்ணு மட்டும் சுத்திச் சுத்திப் பாக்குது. தம்பி திரும்பவும் ஓங்குறான். அவன் மூஞ்சி என் தம்பி மூஞ்சியே இல்ல. வாயில நுரை. நடுநடுவுல, எங்க மாமா மாதிரி கிட, எங்க மாமா மாதிரி கிடங்கறான். நான் சொன்ன வார்த்தைம்மா. முந்தினநாள் அடுக்களையில நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடிக்கிறான்.

நெட்டை மேல இருக்கிற அன்பால விழுந்தேன்னு நெனைக்காத. அன்பெல்லாம் ஒண்ணும் கிடையாது. அந்த வார்த்தையை நிறுத்தணும்னு போய் விழுந்தேன். கம்பி இந்தக் கையில இறங்குச்சு. அப்புறம்தான் தம்பி நின்னான். கம்பியைக் கீழ போட்டுட்டு, அக்கா, அக்கான்னு தெருவுலயே உக்காந்து அழுதான்.

போலீஸ் வந்து யார் அடிச்சதுன்னு கேட்டாங்க. கூட்டத்துல ஒருத்தரும் வாய் திறக்கல. என்னைப் பாத்தாங்க. எனக்கு எங்க வீட்டுக்காரர் ஞாபகம்தான் வந்துச்சு, அந்தச் சோத்துத் தட்டும் பாத்தேனேங்கிற வார்த்தையும். என் தம்பிதான், அடிக்கச் சொன்னது நான்தான்னு சொல்லிட்டேன். இன்ஸ்பெக்டர் சிரிச்சாரு. கோவத்துல வாயால சொன்னதுக்கெல்லாம் புடிச்சா ஊர்ல ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்கம்மா, நீ போய்க் கையைப் பாருன்னுட்டாரு. தம்பியை மட்டும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் தம்பி பொண்டாட்டி இதே இடத்துக்கு வந்தா. நீ உக்காந்திருக்கியே, இந்த பெஞ்சுலதான் நான் உக்காந்திருந்தேன். முடியைப் புடிச்சுக் கீழ தள்ளி, முதுகுல மிதிச்சா. உன் புருஷன் உண்மை பேசிக் கெட்டான், நீ உண்மை பேசி என் குடியைக் கெடுத்துட்டேன்னு துப்பிட்டுப் போனா. நான் தடுக்கல. அவ சொன்னதுல தப்பு என்ன இருக்கு?

அன்னிலேருந்து சபையில ஆண்டவர் சொல்லிக்குடுத்த ஜெபத்தைச் சொல்லும்போது, எங்களுக்குத் தப்பு செஞ்சவங்களை நாங்க மன்னிக்கிற மாதிரி எங்களையும் மன்னியுங்கிற வரி வந்தா எனக்கு வாய் ஒட்டிக்கும். எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா நிப்பேன். அடுத்த வரியில சேந்துக்குவேன்.

என்ன, பதினொண்ணாம் நம்பரா? அவர் எங்க வீட்டுக்காரருக்குத் தம்பியான்னா கேக்குறே? எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ரெண்டு பேருக்கும் நான்தானே மூக்குக் குழாய்ல சாப்பாடு ஊத்துறேன், நான்தானே மூஞ்சி துடைக்கிறேன்.

அவன்தான்மா நெட்டை.

ஆமா. இந்த ஆஸ்பத்திரியில மண்டை, கழுத்து அடிபட்டவங்களுக்கு இருக்கிறது ஒரே வார்டு. அஞ்சு நாளைக்கு முன்னாடி அவசரப் பிரிவுலேருந்து தள்ளிக்கிட்டு வந்து எங்க பக்கத்துலயே போட்டுட்டாங்க. காலியா இருந்தது அந்த ஒரு கட்டில்தான். கட்டில் பத்தாம அவன் கால் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், பாத்திருப்பே. கழுத்துக்குக் கீழ ஒண்ணும் வேலை செய்யாது. தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிருக்காங்க, அதனால பேச்சும் வராது. ஆனா எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும். கண்ணு மட்டும் நான் போற பக்கமெல்லாம் வரும். பதினொண்ணுக்கு யாரு ஆளுன்னு நர்ஸ் கேட்டுச்சு. அம்மா இல்ல, பொண்டாட்டி எங்கேன்னே தெரியல. ஒருத்தரும் வரல. ரெண்டு வேளை பாத்தேன். நர்ஸு இருக்கிற வேலையில மறந்துடுது, அவன் பசியில கண்ணை மூடாம கிடக்கான். மூணாம் வேளை எழுந்து போய் நின்னுட்டேன். ஏன்னு கேக்காத.

அதுக்கு ஊரே கொண்டாடுது என்னை. போன ஞாயிறு சபை முன்னாடி நின்னு இதைச் சாட்சியா சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். எல்லாரும் கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னாங்க. தரிசன அக்கா கட்டிப்புடிச்சு அழுதாங்க. இங்க இருக்கிற நர்ஸு, அம்மா நீங்க மனுஷியே இல்லன்னு சொல்லுது. எனக்கும் அது புடிச்சிருந்துச்சும்மா, பொய் சொல்ல மாட்டேன்.

இரு, போயிடாத. டாக்டர் இப்பத்தான் உள்ள போறாரு. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகும்.

அவனுக்கு அந்தத் தொண்டைக் குழாய்ல சளி அடைச்சுக்கும். அடைச்சா கொரகொரன்னு ஒரு சத்தம் வரும், அப்புறம் அதுவும் நின்னுடும். மூஞ்சி கறுத்துப்போகும். உடனே நர்ஸைக் கூப்பிட்டு மெஷின் வெச்சு உறிஞ்சி எடுக்கணும். இதுவரைக்கும் மூணு தடவை ஆச்சு, மூணு தடவையும் நான்தான் கத்திக் கூப்பிட்டேன்.

இன்னிக்குக் காலைல உன் மாமியாரைக் கொண்டு வந்தீங்க பாரு. அவங்க போட்ட சத்தத்துல எல்லா நர்ஸும் உங்க கட்டில்கிட்ட. அப்பத்தான் இவனுக்கு அடைச்சுது. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், கையில துடைக்கிற துணி. கொரகொரன்னுச்சு. என்னைப் பாத்தான். நானும் அவனைப் பாத்தேன். ஒரு குரல் குடுத்தாப் போதும், பத்தடி தூரத்துல நர்ஸு. நான் குரல் குடுக்கல. சத்தம் நின்னுபோச்சு. கண்ணு பிதுங்குது, உதடு நீலமாகுது, என்னையே பாக்கிறான். நான் ஜெபம் பண்ணிக்கிட்டு நின்னேன்மா. என்னன்னு கேக்கிறியா? ஆண்டவரே, இவனை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்காரரைக் குடுத்துடுங்கன்னு. வார்த்தை தடங்கலே இல்லாம வந்துச்சு. இத்தனை நாள்ல அவ்ளோ தெளிவா நான் ஜெபம் பண்ணதே இல்ல.

கூப்பிட்டேனாவா? கூப்பிடலம்மா. பஞ்சு எடுக்கத் திரும்பின நர்ஸு அதுவாப் பாத்துட்டு ஓடி வந்துச்சு. என்னைத் தள்ளிவிட்டுட்டு உறிஞ்சி எடுத்துச்சு. மூச்சு வந்துடுச்சு. அப்புறம் என் தோளைத் தட்டி, பாவம், பயத்துல உறைஞ்சு போயிட்டீங்களாம்மான்னு கேட்டுச்சு. ஆமான்னு தலையாட்டினேன்.

அவர் முழிச்சா இதை அவர்கிட்டச் சொல்லணும். பாஸ்டர்கிட்டயும் சொல்லணும், அந்த நர்ஸுகிட்டயும் சொல்லணும். இப்போதைக்கு நீ கிடைச்சே.

ம், திறந்துட்டான். பொறுமையா வா, தரை வழுக்கும். எனக்கு நீ ஒண்ணே ஒண்ணு பண்ணணும். நீ எதிர்லதானே இருக்கப் போறே, அந்தச் சத்தம் கேட்டு நான் அசையாம நின்னேன்னா நீ கத்து. பேரெல்லாம் வேண்டாம், பதினொண்ணுன்னு கத்து, போதும், நர்ஸு வந்துடும். சரியா? அந்தக் கிண்ணத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடும்மா, எனக்கு ஒரு கைதானே. அவனுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போச்சு.